பிள்ளைகளுடன் ஐரோப்பா: ஐந்து நகரமா, ஒரே நகரமா? புதிய விதிமுறைகள் மாற்றும் கணக்கு

ஜூன் பள்ளி விடுமுறைக்கு ஐரோப்பா போகலாம் என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் பல, முதலில் எழுதுவது ஊர்ப் பட்டியலைத்தான்.

பாரிஸ், சூரிக், மிலான், வெனிஸ், ரோம். பத்து இரவு, ஐந்து நகரம். "அவ்வளவு காசு கொடுத்துப் போறோம், எல்லாத்தையும் பார்த்துட்டு வந்துடலாமே?"

பெரியவர்கள் மட்டும் போனால் ஓகே. கூட 3 வயதில் ஒன்று, 6 வயதில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள் இருந்தால்?

சிறு பிள்ளைகளோடு ஊர் ஊராகச் சுற்றுவது எப்போதும் சிரமம்தான். ஆனால் 2024-க்குப் பிறகு ஐரோப்பாவிலும் பல விஷயங்கள் மாறியிருக்கின்றன. எல்லையில் புதிய பதிவு முறை, சுற்றுலா நகரங்களில் கூடுதல் கட்டணங்கள், வாடகை வீடுகளுக்குக் கட்டுப்பாடு, ஜூன் மாதத்திலேயே கொளுத்தும் வெயில்... தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயம். சேர்த்துப் பார்த்தால், "நாளுக்கு ஒரு ஊர்" பாணிப் பயணத்தின் விலை ஏறிவிட்டது. பணத்தில் மட்டுமல்ல, நேரத்திலும்.

அப்படியென்றால் எப்படித் திட்டமிடலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்லையில் என்ன மாறியது?

சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போருக்கு ஷெங்கன் நாடுகளில் விசா தேவையில்லை. 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். அது மாறவில்லை. மாறியது நுழையும் விதம்.

2025 அக்டோபர் 12-இல் ஐரோப்பிய ஒன்றியம் இ.இ.எஸ் என்ற நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையைத் தொடங்கியது. 29 நாடுகளில் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. முழுமையாக நடப்புக்கு வர வைக்கப்பட்ட நாள் 2026 ஏப்ரல் 10. கடப்பிதழில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக, முகத்தைப் படமெடுத்து, விரல்ரேகையையும் பதிவு செய்கிறார்கள். ஒருமுறை பதிந்தால் மூன்று ஆண்டு செல்லும். கட்டணம் இல்லை.

12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் விரல்ரேகை எடுக்க மாட்டார்கள். ஆனால் முகப் படம் உண்டு. 12 மணி நேர விமானப் பயணத்துக்குப் பிறகு, தோளில் தூங்கும் பிள்ளையை எழுப்பி, கேமராவைப் பார்க்க வைக்கவேண்டும். அதற்கு முன்னால் வரிசை வேறு.

அந்த வரிசை எவ்வளவு நீளும்? லிஸ்பன் விமான நிலையத்தில் பல மணி நேரம் காத்திருக்கவேண்டி வந்ததால், 2025 டிசம்பர் இறுதியில் அங்கு இந்த முறையை மூன்று மாதத்துக்கு நிறுத்திவைத்தார்கள். எல்லா நிலையமும் அப்படி இல்லை. ஆனாலும் முதல் முறை பதிவு செய்யும் குடும்பம் கூடுதல் நேரம் ஒதுக்குவது நல்லது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எல்லைச் சோதனை நடப்பது நீங்கள் தரையிறங்கும் முதல் ஷெங்கன் விமான நிலையத்தில். ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறி வியன்னா போனால், இந்த வரிசை ஃபிராங்க்ஃபர்ட்டில்தான். ஒன்றரை மணி நேர இடைவெளியில் அடுத்த விமானத்தைப் பிடிப்பது பிள்ளைகளோடு பெரிய சோதனையாகிவிடும்.

அடுத்து வருவது எட்டியாஸ். விசா இல்லாமல் வருவோர் இணையத்தில் முன்கூட்டியே பெறவேண்டிய அனுமதி அது. 2026-இன் கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்துள்ளது. கட்டணம் 20 யூரோ, மூன்று ஆண்டு செல்லும். 18 வயதுக்குக் குறைந்தோரும் 70 வயதைக் கடந்தோரும் கட்டணம் செலுத்தவேண்டாம். ஆனால் அனுமதி அவர்களுக்கும் வேண்டும். தாத்தா பாட்டியை அழைத்துப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டன் தனிக் கணக்கு. 2025 ஜனவரி 8 முதல் சிங்கப்பூரர்களுக்கும் மலேசியர்களுக்கும் அங்கு இ.டி.ஏ எனும் மின்னியல் அனுமதி தேவை. கைக்குழந்தைக்கும் சேர்த்துத்தான். 10 பவுண்டாக இருந்த கட்டணம் 2025 ஏப்ரலில் 16 பவுண்டாக ஏறியது. "லண்டனையும் பாரிஸையும் சேர்த்துப் பார்த்துடலாம்" என்றால் இரண்டு எல்லை, இரண்டு விதிமுறை, இரண்டு வரிசை.

நகரங்கள் ஏன் கெடுபிடி காட்டுகின்றன?

ஐரோப்பாவின் பிரபல நகரங்களில் குடியிருப்பவர்களுக்குப் பொறுமை குறைந்துவருகிறது. வாடகை ஏறுகிறது, வீடு கிடைப்பதில்லை, தெருவில் நடக்க இடமில்லை என்பது அவர்கள் புகார். 2024 ஜூலையில் பார்சலோனாவில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் சிலர் சுற்றுப்பயணிகள்மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சிய காட்சியை நீங்களும் பார்த்திருக்கலாம்.

அதன் விளைவாக வந்த சில மாற்றங்கள்:

• பார்சலோனா: சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் சுமார் 10,000 வீடுகளின் உரிமம் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப்படாது. ஸ்பெயினின் அரசமைப்பு நீதிமன்றமும் 2025-இல் அதற்கு வழிவிட்டது.

• வெனிஸ்: பகலில் மட்டும் வந்து போவோருக்கு நுழைவுக் கட்டணம். 2025-இல் 54 நாள்களில் அது வசூலிக்கப்பட்டது. முன்பதிவு செய்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10 யூரோ. 14 வயதுக்குக் குறைந்தோருக்கு இல்லை. இரவு தங்குவோருக்கும் இல்லை.

• ஆம்ஸ்டர்டாம்: 2024 முதல் தங்கும் கட்டணத்தில் 12.5 விழுக்காடு சுற்றுலா வரி. 2026 ஜனவரி முதல் நெதர்லந்தில் தங்குமிடங்களுக்கான மதிப்புக்கூட்டு வரியும் 9-இலிருந்து 21 விழுக்காட்டுக்கு உயர்ந்தது.

• பாரிஸ்: 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியப் பொருளியல் வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு லூவ்ர் அரும்பொருளகக் கட்டணம் 22 யூரோவிலிருந்து 32 யூரோவானது. 18 வயதுக்குக் குறைந்தோருக்கு இலவசம்.

கவனித்தீர்களா? இவற்றில் சில, பிள்ளைகளைத் தொடவே இல்லை. வெனிஸ் கட்டணம் இரவு தங்குவோரையும் விட்டுவைக்கிறது. வெனிஸ் குறிவைப்பது அவசரமாக வந்து, படமெடுத்து, மாலையே கிளம்பும் கூட்டத்தை.

வந்தால் கொஞ்சம் நின்று போங்கள் என்கிறது வெனிஸ். சிறு பிள்ளைகள் கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

ஐந்து நகரத்தின் உண்மைக் கணக்கு

தொடக்கத்தில் சொன்ன பட்டியலுக்கு வருவோம். ஐந்து நகரம் என்றால் நான்கு இடமாற்றம்.

ரயில் நேரம் மட்டும் பார்த்தால், பாரிஸ்-சூரிக் சுமார் 4 மணி நேரம். சூரிக்-மிலான் சுமார் மூன்றரை. மிலான்-வெனிஸ் சுமார் இரண்டரை. வெனிஸ்-ரோம் சுமார் 4. மொத்தம் 14 மணி நேரம்.

அதோடு முடிந்ததா? பெட்டி கட்டவேண்டும். காலை 11 மணிக்குள் அறையைக் காலி செய்யவேண்டும். ரயில் நிலையத்துக்கு முன்கூட்டியே போகவேண்டும். இறங்கிய ஊரில் விடுதியைத் தேடிப் போனால், "மூணு மணிக்குத்தான் ரூம் ரெடி." ஓர் இடமாற்றத்துக்கு இதெல்லாம் மூன்று மணி நேரம் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் இன்னொரு 12 மணி நேரம்.

ஆக 26 மணி நேரம். சிறு பிள்ளை ஒரு நாளில் விழித்திருப்பது ஏறக்குறைய 12 மணி நேரம். பத்து இரவுப் பயணத்தில் கிடைப்பது ஒன்பது முழு நாள். அதில் இரண்டு நாளுக்கு மேல் பெட்டியோடும் ரயிலோடும் போய்விடுகிறது. ஆண்டுக்கு 14 நாளோ 18 நாளோ விடுப்பு கிடைக்கும் பெற்றோருக்கு அது சின்ன இழப்பில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த நான்கு தடவையும் பிள்ளைகளின் உடை, மருந்து, பால் போத்தல், பொம்மை எல்லாவற்றையும் எடுத்து, மடித்து, எண்ணி வைப்பது யார்? பல வீடுகளில் அது அம்மா. விடுமுறைக்குப் போய்விட்டு அவர் மட்டும் களைத்துத் திரும்பினால், அதை எப்படிக் குடும்ப விடுமுறை என்று சொல்வது?

பிள்ளையின் உடம்புக்கு எது ஒத்துவரும்?

கோடையில் மத்திய ஐரோப்பா சிங்கப்பூரைவிட 6 மணி நேரம் பின்னால். குளிர்காலத்தில் 7 மணி நேரம்.

அதாவது வியன்னாவில் விடியற்காலை 3 மணி என்றால், பிள்ளையின் உடம்புக்கு அது காலை 9 மணி. "அம்மா, விளையாடலாமா?" என்று எழுந்து உட்காரும். மாலை 6 மணி என்றால் உடம்புக்கு நள்ளிரவு. சாப்பாட்டு மேசையிலேயே தூங்கிவிடும்.

இது சரியாகச் சில நாளாகும். அதுவரை அதை எதிர்த்துப் போராடுவதைவிட அதற்கேற்ப நடந்துகொள்வது சுலபம். வெளியே போவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரபல இடங்களில் திறக்கும் நேரத்தில்தான் கூட்டமும் குறைவு. இரவு உணவை மாலை 5 மணிக்கே முடித்துவிடுங்கள். இரவு 8 மணிக் கச்சேரி, விளக்கு அலங்காரம் பார்க்கும் படகுச் சவாரி எல்லாம் முதல் மூன்று நாளுக்கு வேண்டாம்.

இரண்டு இரவுக்கு ஒரு படுக்கை மாறினால் இந்தப் பழக்கம் உருவாகவே வாய்ப்பில்லை. ஒரே அறை, ஒரே படுக்கை, காலையில் அதே ரொட்டிக் கடை என்றால் மூன்றாம் நாளே பிள்ளைக்கு அது பழகிய இடமாகிவிடும்.

ஒரு நகரம் போதும் என்றால் எது? வியன்னாவைப் பார்ப்போம்

ஒரே நகரத்தில் ஒரு வாரம் என்றால் எந்த நகரம்? எடுத்துக்காட்டாக ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா. காரணம் இருக்கிறது.

போவது எளிது. ஸ்கூட் நிறுவனம் 2025 ஜூனில் சிங்கப்பூரிலிருந்து வியன்னாவுக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. இடையில் விமானம் மாறவேண்டாம். எல்லைப் பதிவும் போய்ச் சேரும் ஊரிலேயே முடிந்துவிடும். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் சாதாரண ரயிலிலேயே 25 நிமிடம்தான்.

சுற்றுவது எளிது. 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பொதுப் போக்குவரத்து இலவசம். சுரங்க ரயில் நிலையங்களில் மின்தூக்கி உண்டு. பிள்ளையோடு தள்ளுவண்டியை அப்படியே ரயிலுக்குள் தள்ளிக்கொண்டு போகலாம். நம் எம்ஆர்டி பழக்கம் அங்கும் கைகொடுக்கும்.

அரும்பொருளகங்கள் பிள்ளைகளுக்கு இலவசம். 2010 முதல் ஆஸ்திரியாவின் கூட்டரசு அரும்பொருளகங்களில் 19 வயதுக்குக் குறைந்தோருக்குக் கட்டணம் இல்லை. டைனசோர் எலும்புக்கூடுகள் இருக்கும் இயற்கை வரலாற்று அரும்பொருளகம், ரயில் எஞ்சின்கள் நிற்கும் தொழில்நுட்ப அரும்பொருளகம் எல்லாம் இதில் அடக்கம். பிள்ளை அரை மணி நேரத்தில் "போதும், போலாம்" என்றாலும் அதன் டிக்கெட் காசு வீணாகவில்லை. அந்த நிம்மதி பெரியது.

காசில்லாமல் விளையாட இடம் உண்டு. டான்யூப் நதியின் நடுவே 21 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு செயற்கைத் தீவு. வெள்ளத்தைத் தடுப்பதற்காக உருவாக்கியது. இப்போது ஊரே அங்குதான் சைக்கிள் ஓட்டுகிறது, குளிக்கிறது. பிள்ளைகளுக்கென்று இலவச நீர் விளையாட்டுத் திடலும் இருக்கிறது. சுரங்க ரயிலில் இறங்கினால் தீவின்மேலேயே இறங்கலாம்.

தண்ணீர் வாங்கவேண்டாம். ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வியன்னாவுக்குக் குடிநீர் கொண்டுவரும் குழாய் 1873-இல் திறக்கப்பட்டது. இன்றும் அந்தத் தண்ணீர்தான் வீட்டுக் குழாயில் வருகிறது. வெளியிலும் குடிநீர்க் குழாய்கள் ஏராளம். போத்தலை நிரப்பிக்கொண்டே போகலாம்.

சிரமங்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பேரங்காடிகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் உள்ள சில கடைகளே திறந்திருக்கும். சனிக்கிழமை மாலைக்குள் பால், டயப்பர், பழம் வாங்கி வைத்துவிடுங்கள். பேரங்காடி பூட்டியிருக்கும் ஊரில் டயப்பர் தீர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

சைவக் குடும்பங்களுக்கு இன்னொரு தகவல். பாலாட்சிங்கன் என்று மெல்லிய அப்பம் அங்கு பிரபலம். பார்க்க நம் தோசை மாதிரியே இருக்கும், உள்ளே ஜாம் தடவித் தருவார்கள். ஆனால் மாவில் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். சமையல் வசதியுள்ள அறையில் தங்கினால் அரிசியும் ரசப்பொடியும் பாதிக் கவலையைத் தீர்த்துவிடும்.

ஆறு நாளை எப்படிப் பிரிப்பது?

பெரிய நிகழ்ச்சி நாளுக்கு ஒன்று. அதற்குமேல் வேண்டாம். காலையில் அதை முடித்துவிட்டு, மதியம் அறைக்குத் திரும்பி ஓய்வு, மாலையில் பக்கத்துப் பூங்கா. இதுதான் அடிப்படை.

• முதல் நாள்: இறங்கிய களைப்பு. அறை தயாராகும்வரை பெட்டியை விடுதியில் விட்டுவிட்டு, பக்கத்துப் பூங்காவில் உட்காருங்கள். வேறு திட்டம் எதுவும் வேண்டாம்.

• இரண்டாம் நாள்: ஷோன்புருன் விலங்குத் தோட்டம். 1752-இல் தொடங்கியது. இன்றும் இயங்கும் விலங்குத் தோட்டங்களில் உலகிலேயே பழமையானது. அதிகாலையில் எழுந்துவிடும் பிள்ளைகளுக்குக் காலை 9 மணித் திறப்பு வசதி.

• மூன்றாம் நாள்: இயற்கை வரலாற்று அரும்பொருளகம். வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், கிழமை பார்த்து வையுங்கள். பக்கத்திலேயே மியூசியம்ஸ் குவார்ட்டியர் வளாகம். அதன் முற்றத்தில் சாய்ந்து படுக்கப் பெரிய இருக்கைகள் போட்டிருப்பார்கள். பிள்ளை ஓடட்டும், நீங்கள் காப்பி குடியுங்கள்.

• நான்காம் நாள்: ஒன்றுமில்லை. துணி துவைக்கும் நாள். டிராமில் ஏறி ஒரு சுற்று வந்தால்கூடப் போதும்.

• ஐந்தாம் நாள்: பிராட்டர் கேளிக்கைப் பூங்கா. உள்ளே நுழையக் கட்டணமில்லை, ஏறும் சவாரிக்கு மட்டும் காசு. 1897-இல் கட்டிய ராட்டினம் ஏறக்குறைய 65 மீட்டர் உயரம்.

• ஆறாம் நாள்: டான்யூப் தீவு. அல்லது பிள்ளைக்கு இதுவரை எது பிடித்ததோ, அதே இடத்துக்கு இன்னொரு முறை.

அந்தக் கடைசி வாய்ப்பை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. பிள்ளைகளுக்கு ஒரு ஊர் பிடித்துப்போவது பெரும்பாலும் இரண்டாம் முறை போகும்போதுதான். முதல் தடவை பயந்த சறுக்குமரத்தில் அடுத்த நாள் தானாக ஏறும்.

எங்கே தங்குவது?

குடும்பங்களுக்குச் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள வீடு வசதிதான். ஆனால் வீட்டு வாடகைமீதுதான் நகரங்களின் கண் இருக்கிறது. வியன்னாவிலும் 2024 ஜூலை முதல், சிறப்பு அனுமதி இல்லாமல் ஒரு வீட்டை ஆண்டுக்கு 90 நாளுக்குமேல் குறுகியகால வாடகைக்கு விடமுடியாது.

உரிமம் இல்லாத வீட்டை எடுத்தால் கடைசி நேரத்தில் ரத்தாகும் அபாயம் உங்களுக்குத்தான். இரவு விமானத்தில் வந்திறங்கிய பிள்ளைகளோடு வேறு இடம் தேடும் நிலை வரவேண்டாமே. சமையல் வசதியோடு விடுதிபோல நடத்தப்படும் சர்வீஸ் அபார்ட்மென்ட்கள் நடுவழி. உரிம எண் பதிவுப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முன்பதிவுக்கு முன் மூன்றைக் கேளுங்கள். மின்தூக்கி உண்டா? குளிர்சாதனம் உண்டா? பக்கத்தில் பூங்கா உண்டா? ஐரோப்பாவின் பழைய கட்டடங்களில் முதல் இரண்டும் இல்லாமல் இருப்பது சகஜம்.

ஜூனா, டிசம்பரா?

குளிர்சாதனத்தை ஏன் கேட்கச் சொல்கிறோம்?

ஐரோப்பாதான் உலகிலேயே வேகமாக வெப்பமடையும் கண்டம். 1980களிலிருந்து உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வேகம். மேற்கு ஐரோப்பாவில் பதிவானவற்றிலேயே ஆக வெப்பமான ஜூன், 2025 ஜூன். அடுத்த மாதத் தொடக்கத்தில் வெப்பம் காரணமாக ஐஃபல் கோபுரத்தின் உச்சித் தளத்தையே மூடினார்கள்.

நம் ஜூன் விடுமுறை மே இறுதியில் தொடங்கி ஜூன் இறுதிவரை. முதல் இரண்டு வாரம் போவது கடைசி இரண்டு வாரத்தைவிடப் பொதுவாக நல்லது. ஐரோப்பியப் பள்ளிகள் பல அப்போது இன்னும் நடந்துகொண்டிருக்கும். கூட்டமும் குறைவு, உச்சக் கோடையும் வந்திருக்காது.

நவம்பர்-டிசம்பர் விடுமுறை? வியன்னாவில் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து கிறிஸ்துமஸ் சந்தைகள் களைகட்டும். ஆனால் டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும், குளிரும் பலமாக இருக்கும். காலையில் சீக்கிரம் எழும் பிள்ளைகளுக்கு அது ஒருவிதத்தில் பொருந்தும். குளிர் உடைக்கும் பெட்டியில் இடத்துக்கும் தனிச் செலவு.

பிள்ளைகள் இன்னும் தொடக்கநிலை 1-க்குப் போகவில்லை என்றால் உங்களுக்குப் பள்ளி விடுமுறைக் கட்டாயமே இல்லை. ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர் மாதங்களைப் பாருங்கள். பருவநிலை இதம், டிக்கெட்டும் பொதுவாக மலிவு. இந்தச் சுதந்திரம் சில ஆண்டுகள்தான் இருக்கும்.

"அவ்வளவு தூரம் போய் ஒரே ஊரா?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சித்தி கேட்பார், அலுவலக நண்பர் கேட்பார். உங்கள் மனமே கேட்கும்.

கேள்வியில் நியாயம் உண்டு. 2 வயதானதும் பிள்ளைக்கும் தனி இருக்கை வாங்கவேண்டும். நால்வர் குடும்பத்துக்கு விமான டிக்கெட்டே சில ஆயிரம் வெள்ளி. மறுபடி எப்போது போவோம் என்று தெரியாது. அதனால் முடிந்தவரை பார்த்துவிடத் தோன்றுவது இயல்பு.

ஆனால் டிக்கெட் காசு எப்படியும் போனதுதான். ஐந்து ஊர் போனாலும் ஒரே ஊர் போனாலும் அது திரும்பாது. இனி முடிவெடுக்கவேண்டியது மீதிப் பணத்தையும் மீதி நாளையும் பற்றி. நான்கு இடமாற்றத்துக்கான ரயில் கட்டணத்தை மிச்சப்படுத்தினால், நகரின் நடுவே இன்னும் நல்ல இடத்தில் தங்கலாம். ஒரே இடத்தில் ஒரு வாரம் தங்கினால் விலை குறைக்கும் விடுதிகளும் உண்டு.

முற்றிலும் ஒரே ஊர் என்பது சலிப்பாகத் தோன்றினால், அங்கிருந்தே ஒரு நாள் பயணம் போய்வரலாம். வியன்னாவிலிருந்து ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்தான். இன்னொரு நாட்டையும் பார்த்தாயிற்று, பெட்டியும் கட்டவில்லை. கடப்பிதழை மட்டும் மறக்கவேண்டாம்.

10 வயதைத் தாண்டிய பிள்ளைகள் என்றால் கணக்கு வேறு. அவர்கள் பையை அவர்களே சுமப்பார்கள், வரைபடம் பார்ப்பார்கள், ரயில் பயணமே அவர்களுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். அப்போது இரண்டு, மூன்று நகரம் தாராளமாகப் போகலாம். இங்கே சொல்வது கைக்குழந்தையிலிருந்து 7 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு.

உங்கள் நகரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வியன்னா ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. கோப்பன்ஹேகனிலும் இதே முறை செல்லும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நேரடியாகப் போகிறது. பெரியவர் ஒருவரோடு 12 வயதுக்குக் குறைந்த இரு பிள்ளைகள் பொதுப் போக்குவரத்தில் இலவசமாகப் போகலாம். 1843-இல் திறந்த டிவோலி பூங்கா நகரின் நடுவிலேயே இருக்கிறது. ஆனால் சாப்பாட்டு விலை கையைக் கடிக்கும். கோலாலம்பூரிலிருந்து போவோருக்குப் பாரிஸ் வசதி. மலேசியா ஏர்லைன்ஸ் 2025 மார்ச்சில் அந்த நேரடிச் சேவையை மீண்டும் தொடங்கியது. ஆனால் பாரிஸின் பழைய மெட்ரோ நிலையங்களில் படிக்கட்டு அதிகம். தள்ளுவண்டியைத் தூக்கத் தயாராக இருக்கவேண்டும்.

எந்த நகரமாக இருந்தாலும் இந்த ஐந்தைக் கேட்டுப் பாருங்கள்:

• நேரடி விமானம் உண்டா? இல்லையென்றால் முதல் ஷெங்கன் நிலையத்தில் குறைந்தது 3 மணி நேர இடைவெளி இருக்கிறதா?

• தள்ளுவண்டியோடு ரயிலில் ஏறி இறங்க முடியுமா?

• மழை பெய்தால் போக இரண்டு இடம், வெயில் அடித்தால் தண்ணீரில் விளையாட ஓரிடம் உண்டா?

• கடைகள் எந்த நாளில் மூடியிருக்கும்?

• தங்கும் இடத்துக்கு உரிமம் உண்டா? சுற்றுலா வரி சேர்த்துதான் விலை சொல்லியிருக்கிறார்களா?

புறப்படும் முன்...

பிள்ளைகளின் கடப்பிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் 16 வயதுக்குக் குறைந்தோருக்கு அது 5 ஆண்டுதான் செல்லும். ஷெங்கன் பகுதியிலிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாகவேண்டும்.

எட்டியாஸ், இ.டி.ஏ இரண்டுக்கும் அரசாங்கத்தின் அதிகாரத்துவ இணையப்பக்கத்தில் மட்டும் விண்ணப்பம் செய்யுங்கள். அதைப்போலவே தோற்றமளித்துக் கூடுதல் கட்டணம் பறிக்கும் தளங்கள் பல உண்டு. எட்டியாஸ் இன்னும் தொடங்காத நிலையில் யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பிள்ளை வழக்கமாகக் குடிக்கும் காய்ச்சல் மருந்தை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் அவசர உதவி எண் 112. பயணக் காப்புறுதி வாங்கும்போது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் பயணத்தை ரத்து செய்தால் பணம் கிடைக்குமா என்று கேளுங்கள்.

கடைசியாக, ஊர்ப் பட்டியலை எழுதும் முன் வேறொரு பட்டியல் எழுதிப் பாருங்கள். உங்கள் பிள்ளை ஒரு சனிக்கிழமையில் எத்தனை மணிக்கு எழுகிறது, எப்போது பசிக்கிறது, எவ்வளவு தூரம் நடக்கிறது, எப்போது தூங்குகிறது? அந்த நாளுக்குள் எது பொருந்துமோ, அதைப் பயணத் திட்டத்தில் வையுங்கள். மீதி நகரங்கள் எங்கும் போய்விடாது. பிள்ளைகள் வளர்ந்ததும் அவர்களோடு சேர்ந்தே பார்க்கலாம்.